முடத்தெங்கும் மடற்பனையும்: நம் கல்லூரிகள் கற்கின்றனவா?



எஸ்.பி.எம். முடிவு வெளியாகும் வாரத்தில் தமிழாசிரியர் எல்லாருக்கும் ஒரே கேள்விதான் வரும். "டீச்சர், பிள்ளையை அரசாங்கக் காலேஜ்ல போடலாமா, பிரைவேட்ல போடலாமா?" நாமும் கைவசம் உள்ள பதிலைச் சொல்லி அனுப்புகிறோம். அரசாங்கக் கல்லூரி என்றால் கட்டணம் குறைவு. தனியார் என்றால் இடம் சீக்கிரம் கிடைக்கும், ஆங்கிலம் நன்றாக வரும். கையில் பணம் இல்லையென்றால் பி.டி.பி.டி.என். கடன் இருக்கிறது. இந்தப் பதில்கள் எதுவும் தவறு இல்லை. ஆனால் இவை எல்லாம் கட்டணத்தையும் கட்டடத்தையும் பற்றிய பதில்கள். அந்தக் கல்லூரி தன் தவறிலிருந்து கற்றுக்கொள்ளும் இடமா என்று கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை.

பத்து காவான் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் நெருக்கமானது. செம்பனைத் தோட்டமாகக் கிடந்த இந்த நிலத்தில் 2014 மார்ச் 1இல் இரண்டாவது பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. மொத்தம் 24 கிலோமீட்டர். அதில் ஏறக்குறைய 17 கிலோமீட்டர் கடலுக்கு மேல். பாலத்தை ஒட்டித் தொழிற்பேட்டை வளர்ந்தது, வணிக வளாகங்கள் வந்தன, கே.டி.யு. கல்லூரியின் வளாகமும் வந்தது. பக்கத்தில் நிபோங் திபாலில் சமூகக் கல்லூரி. அங்கேயே அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம். கொஞ்சம் வடக்கே போனால் பெர்மாத்தாங் பாவில் செபராங் பிறை பொலிடெக்னிக். அரசும் தனியாரும் ஒரே வட்டாரத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. தேர்ந்தெடுக்க இவ்வளவு இருக்கும்போது, எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியும் சேர்ந்தே வருகிறது.

"நிறுவனக் கற்றல் பண்பாடு" என்ற தலைப்பு கல்வி மேலாண்மைப் பாடங்களில் அடிக்கடி வரும். பட்டயக் கல்வி படித்தவர்கள் ஒரு தடவையாவது இதைப் பற்றி இடுபணி எழுதியிருப்போம். தனியார் கல்லூரியில் ஒரு சராசரி, அரசுக் கல்லூரியில் ஒரு சராசரி, இரண்டுக்கும் வேறுபாடு உண்டா இல்லையா என்று அட்டவணை போட்டு முடித்திருப்போம். அந்த ஒப்பீடே சரியான இடத்தைத் தொடவில்லை என்பதுதான் இக்கட்டுரையின் வாதம். எங்கே தொடவில்லை என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

கற்கும் அமைப்பு என்றால் என்ன?

ஒரு நிறுவனத்தில் வேலை செய்யும் ஆட்கள் கற்கிறார்கள் என்பதாலேயே அந்த நிறுவனம் கற்கிறது என்று ஆகிவிடாது. 30 விரிவுரையாளர்கள் 30 பட்டறைக்குப் போய் வரலாம். திரும்பி வந்து யாரும் யாரிடமும் பேசாவிட்டால் கல்லூரி அப்படியே இருக்கும். இந்த வேறுபாட்டைத் தெளிவாகப் பேசியவர்கள் அமெரிக்க அறிஞர்களான கிறிஸ் ஆர்ஜிரிசும் டொனால்ட் ஷோனும். 1978இல் வெளிவந்த நூலில் கற்றலை அவர்கள் இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று ஒற்றை வளையக் கற்றல், மற்றொன்று இரட்டை வளையக் கற்றல்.

ஒற்றை வளையத்திற்கு ஆர்ஜிரிஸ் காட்டும் உவமை வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவி. நம்ம ஊருக்கு ஏற்றபடி ஏர்கோன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 என்று வைத்தால், சூடு ஏறியதும் ஓடும், குளிர்ந்ததும் நிற்கும். தவறைத் திருத்துகிறது, உண்மைதான். ஆனால் ஏன் 24, இந்த அறையில் இப்போது ஆள் இருக்கிறார்களா என்று அது கேட்காது. அப்படிக் கேட்டால் அது இரட்டை வளையம்.

வகுப்புக்கு வருவோம். படிவம் ஐந்து மாணவர்கள் கட்டுரையில் குறைந்த புள்ளி எடுக்கிறார்கள். உடனே கூடுதல் வகுப்பு வைக்கிறோம், இன்னும் 10 மாதிரிக் கட்டுரை கொடுக்கிறோம். இது ஒற்றை வளையம். "மாதிரிக் கட்டுரையை மனனம் செய்ய வைத்ததனால்தான் புதுத் தலைப்பு வந்ததும் பிள்ளைகள் திணறுகிறார்களோ?" என்று பணித்தியக் கூட்டத்தில் ஒருவர் கேட்டு, மற்றவர்கள் அதைக் காது கொடுத்துக் கேட்டால், அது இரட்டை வளையம். முதலாவது உழைப்பைக் கூட்டச் சொல்கிறது. இரண்டாவது நம் பழக்கத்தையே கேள்வி கேட்கிறது. அதனால்தான் அது வலிக்கிறது. அதனால்தான் அரிதாக நடக்கிறது.

1990இல் பீட்டர் செங்கே இந்தச் சிந்தனையைப் பரவலாக்கினார். தனிமனிதத் தேர்ச்சி, மனப்படிவங்களை ஆராய்தல், பொதுவான இலக்கு, குழுவாகக் கற்றல், எல்லாவற்றையும் இணைத்துப் பார்க்கும் அமைப்புச் சிந்தனை என ஐந்து பயிற்சிகளை அவர் சொன்னார். பிறகு கரேன் வாட்கின்சும் விக்டோரியா மார்சிக்கும் கற்கும் அமைப்பை அளக்க 7 கூறுகளைக் கொண்ட வினாநிரல் ஒன்றை உருவாக்கினார்கள். தொடர்ந்து கற்க வாய்ப்பு, கேள்வியும் உரையாடலும், குழுக் கற்றல், கற்றதைச் சேமித்துப் பகிரும் முறை, அதிகாரப் பகிர்வு, வெளி உலகத் தொடர்பு, கற்றலை வழிநடத்தும் தலைமை என்பன அந்த ஏழு. பல நாடுகளில் கல்லூரி ஆய்வுகள் இந்த வினாநிரலைத்தான் கையாள்கின்றன.

நன்னூல் சொல்லிய கணக்கு

இதெல்லாம் மேற்கிலிருந்து வந்த சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரத்தை நாம் எல்லாரும் படித்திருக்கிறோம். நல்லாசிரியர் இலக்கணம், மாணாக்கர் இலக்கணம் என்று இரண்டு மதிப்பெண் வினாவுக்காகப் படித்துவிட்டு மூடி வைத்திருக்கிறோம். அதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஆசிரியர் சொல்வதை நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் கால் பங்குதான் வரும். உடன் பயில்பவர்களோடு பழகிக் கற்பதில் இன்னொரு கால் பங்கு. மற்றவர்க்கு எடுத்துரைக்கும்போதுதான் மீதி அரைப் பங்கும் வந்து புலமை முழுமையாகும்.

இந்தக் கணக்கை மாணவனுக்கு மட்டும் என்று ஏன் ஒதுக்க வேண்டும்? ஆசிரியரைப் பட்டறைக்கு அனுப்புவது கால் பங்கு. திரும்பி வந்து சக ஆசிரியர்களோடு பேசுவது இன்னொரு கால். தான் கற்றதை அவர்களுக்குக் கற்பித்துக் காட்டுவது அரை. நம் நிறுவனங்கள் பெரும்பாலும் முதல் கால் பங்குக்கே பணம் செலவிட்டு, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, கோப்பை மூடிவிடுகின்றன. முக்கால் பங்கு கைக்கு வருவதே இல்லை.

அதே பாயிரத்தில் ஆசிரியராகத் தகாதவர்க்கு நான்கு உவமைகள் வருகின்றன: கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு. தனி மனிதருக்குச் சொன்ன உவமைகள்தாம். ஆனால் கல்லூரிகளுக்குப் பொருத்திப் பாருங்கள், வினாநிரலை விடக் கூர்மையாக இருக்கின்றன.

அரசு நிதியில் இயங்கும் கல்லூரி: மடற்பனை

மடற்பனையில் கருக்கு மட்டை சூழ்ந்திருக்கும். கீழே நிற்பவன் ஏறிப் பறிக்க முடியாது. பழம் தானாக விழுந்தால்தான் உண்டு.

மலேசியாவில் முதல் பொலிடெக்னிக் 1969இல் ஈப்போவில் தொடங்கிய உங்கு ஓமார். சமூகக் கல்லூரிகள் 2001இல் வந்தன. இவற்றின் பெரிய பலம் நிலைத்தன்மை. விரிவுரையாளர் அரசுப் பணியாளர். வேலை போய்விடும் என்ற பயம் இல்லை. 15, 20 ஆண்டு ஒரே துறையில் இருப்பவர்களிடம் உள்ள அனுபவ அறிவு கொஞ்சநஞ்சமல்ல. எந்த இயந்திரத்தில் பிள்ளைகள் தடுமாறுவார்கள், எந்தப் பாடத்தை எந்த வாரத்தில் எடுத்தால் புரியும் என்பதெல்லாம் விரல் நுனியில் இருக்கும்.

ஆனால் அந்த அறிவு மரத்தின் உச்சியில் இருக்கிறது. இறங்கி வர ஏணி இல்லை. அரசுப் பணியாளர் ஒவ்வொருவரும் ஆண்டுக்குக் குறைந்தது 7 நாள் பயிற்சி பெற வேண்டும் என்று 2005ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை சொல்கிறது. நோக்கம் நல்லது. ஆனால் எண்ணப்படுவது நாள்; கற்றது எண்ணப்படுவதில்லை. டிசம்பர் நெருங்கும்போது "எனக்கு இன்னும் இரண்டு நாள் குறையுது, ஏதாவது கோர்ஸ் இருக்கா?" என்ற பேச்சை அரசுப் பணியில் இருக்கும் யாரும் கேட்டிருப்பார்கள். இது ஆளின் குறை இல்லை. எதை எண்ணுகிறோமோ அதுதான் நடக்கும்.

இன்னொன்று, மேலிருந்து வரும் சுற்றறிக்கை. ஒரு கல்லூரி தன் பிரச்சினையைத் தானே கண்டுபிடித்து, தானே ஒரு வழியை முயன்று பார்ப்பதற்குள் அடுத்த சீர்திருத்தம் வந்துவிடும். பழையது வெற்றியா தோல்வியா என்று யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை. இட மாற்றல் வந்தால் 20 ஆண்டு அனுபவமும் ஒரு பிரியாவிடை விருந்தோடு கிளம்பிவிடும்.

தனியார் கல்லூரி: முடத்தெங்கு

முடத்தெங்கு என்பது வளைந்த தென்னை. நீர் ஊற்றியவர் ஒருவர். காய் விழுவது அடுத்தவர் முற்றத்தில்.

தனியார் உயர்கல்வி நம் நாட்டில் சட்ட வடிவம் பெற்றது 1996ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்வி நிறுவனச் சட்டத்தால். அதற்கு முன்பே கல்லூரிகள் இருந்தன. பத்து காவானுக்கு வந்த கே.டி.யு.வின் வேர் 1983இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஊன்றப்பட்டது. தனியார் கல்லூரிகளின் பலம் வேகம். மாணவர் குறை சொன்னால் அடுத்த பருவத்திலேயே மாற்றம் தெரியும். தொழிற்சாலை ஒரு புதுத் திறன் கேட்டால் ஓர் ஆண்டுக்குள் பாடமாக்க முயல்வார்கள். போட்டி இருப்பதால் வெளியே என்ன நடக்கிறது என்று கண் திறந்து வைத்திருக்கிறார்கள். வாட்கின்ஸ், மார்சிக் சொன்ன "வெளி உலகத் தொடர்பு" என்ற கூறில் இவர்களே முன்னால் நிற்பது இயல்பு.

பலவீனம், ஆட்கள் தங்குவதில்லை. ஒப்பந்தப் பணி, கூடுதல் பாட நேரம், விளம்பரக் கண்காட்சிக்கும் போக வேண்டும். இளம் விரிவுரையாளர் இரண்டு மூன்று ஆண்டில் பாடம் நடத்தப் பழகுகிறார். நன்றாகப் பழகியதும் வேறு இடம் போகிறார். அவரோடு குறிப்புகள் போகும். எந்த மாணவனுக்கு எப்படிச் சொன்னால் புரிந்தது என்ற அறிவும் போகும். புதிதாக வருபவர் முதல் பக்கத்திலிருந்து தொடங்குகிறார். தண்ணீர் ஊற்றியது ஒரு கல்லூரி, காய் விழுந்தது இன்னொன்றில்.

மாணவர் வாடிக்கையாளராகவும் இருப்பது இன்னொரு சிக்கல். ஒரு பாடத்தில் பாதிப் பேர் தோற்றால் அது கற்பித்தலைப் பற்றிய செய்தி. அதை மேசையில் வைத்துப் பேசலாம். ஆனால் சேர்க்கை எண்ணிக்கை பாதிக்கும் என்ற பயம் இருந்தால், அந்தச் செய்தி மேசைக்கு வராது. வினாத்தாள் மட்டும் சுலபமாகிவிடும். புள்ளி ஏறும், கற்றல் ஏறாது. ஏர்கோன் எண்ணை மாற்றிவிட்டு அறை குளிர்ந்துவிட்டது என்று சொல்வது போலத்தான் இது.

ஆக, அரசுக் கல்லூரியில் அறிவு இருக்கிறது, இறங்கி வரவில்லை. தனியார் கல்லூரியில் அறிவு இறங்கி வருகிறது, தங்கவில்லை. "யாருக்குச் சராசரி அதிகம்?" என்ற ஒப்பீடு இதைக் காட்டாது. இரண்டு நோயும் வேறு. ஒரே வெப்பமானியில் இரண்டும் ஒரே அளவு காய்ச்சலாகத் தெரியலாம்.

ஒரே மதிலுக்குள் இரண்டு கல்லூரி

உரிமையாளர் யார் என்பதா சிக்கல், அல்லது ஆட்களை எப்படி வைத்திருக்கிறோம் என்பதா? இதைச் சோதிக்க நல்ல இடம் தமிழ்நாடு. அங்கே பல கலை அறிவியல் கல்லூரிகளில் அரசு உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் ஒரே வளாகத்தில் இயங்குகின்றன. நிர்வாகம் ஒன்று, பல்கலைக்கழகம் ஒன்று. ஆனால் உதவி பெறும் பிரிவு ஆசிரியருக்கு அரசு சம்பளம் தருகிறது. சுயநிதிப் பிரிவு ஆசிரியருக்கு மாணவர் கட்டணத்திலிருந்து நிர்வாகம் தருகிறது. சம்பளத்திலும் பணிப் பாதுகாப்பிலும் பெரிய இடைவெளி. சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு 1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கதவு திறந்தது. பின்னர் கலை அறிவியல் கல்லூரிகளிலும் சுயநிதிப் பாடப்பிரிவுகள் பெருகின.

ஒரே மதிலுக்குள் மூத்தவரிடம் அனுபவம் இருக்கிறது, இளையவரிடம் புது முறையும் வேகமும் இருக்கின்றன. நன்னூல் கணக்குப்படி பார்த்தால் இதைவிட நல்ல வாய்ப்பு ஏது? இருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் முக்கால் பங்கும் அங்கேயே கிடைத்துவிடும். ஆனால் சம்பளம் வேறு, நேரம் வேறு, மரியாதையும் வேறாக இருக்கும் இடத்தில் "நீங்க எப்படி நடத்துறீங்க, நான் வந்து பார்க்கலாமா?" என்று இளையவர் மூத்தவரைக் கேட்பது எளிதல்ல. மூத்தவர் இளையவரைக் கேட்பது இன்னும் அரிது. ஒரே உரிமையாளருக்குக் கீழேயே இந்தச் சுவர் எழுகிறது என்றால், சிக்கல் அரசா தனியாரா என்பதில் இல்லை. சமமாக அமர்ந்து பேசும் இடம் இருக்கிறதா இல்லையா என்பதில் இருக்கிறது.

தர முத்திரையும் உண்மையும்

"அதான் தர மதிப்பீடு இருக்கே?" என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. நம் நாட்டில் மலேசியத் தகுதி முகவாண்மை 2007இல் அமைக்கப்பட்டது. அரசு, தனியார் இரண்டு வகை நிறுவனங்களும் அதன் கீழ் வருகின்றன. 2018இல் திருத்தப்பட்ட அதன் அங்கீகார நெறியில் 7 பகுதிகள் உண்டு. பாடத்திட்டத்தைக் கண்காணித்து, மதிப்பாய்வு செய்து, தொடர்ந்து மேம்படுத்துவது அதில் ஒரு தனிப் பகுதி. அதாவது இரட்டை வளையத்திற்கு அதிகாரபூர்வமான நாற்காலியே போட்டு வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் 1994இல் தொடங்கிய 'நாக்' அமைப்பும் இதைப் போன்றதே.

நாற்காலி இருந்தால் போதாது, அதில் யாராவது உட்கார வேண்டும். மதிப்பீட்டுக் குழு வரும் மாதத்தில் நிறுவனங்களில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். நடக்காத கூட்டத்துக்கும் கூட்டக் குறிப்பு தயாராகும். கோப்பு முதுகில் வண்ணத் தாள் ஒட்டுவோம். முத்திரைக்கு விலை அதிகமானால் எதுவரை போகும் என்பதற்கு இந்தியாவிலிருந்தே எச்சரிக்கை வந்தது. நல்ல தரநிலை கொடுக்க லஞ்சம் பெற்றதாக எழுந்த வழக்கில், 'நாக்' ஆய்வுக் குழுவைச் சேர்ந்தவர்களை 2025 பிப்ரவரியில் மத்திய புலனாய்வுத் துறை கைது செய்தது. வழக்கின் முடிவு எதுவானாலும், முத்திரை கற்றலுக்கு மாற்றாக முடியாது என்பது தெளிவு.

வினாநிரலுக்கும் இதே குறை உண்டு. "எங்கள் நிறுவனத்தில் தவறுகளைத் திறந்த மனத்துடன் பேசுகிறோம்" என்ற கூற்றுக்கு நேரே எண் போடச் சொன்னால், பேசப் பயப்படும் இடத்தில்தான் பயந்துபோய் உயர்ந்த எண் போடுவார்கள். பயத்தை அளக்க வந்த கருவியே பயத்தால் கெட்டுப்போகிறது.

இதற்கு ஏமி எட்மண்ட்சன் செய்த ஆய்வு நல்ல சான்று. மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் ஏற்படும் தவறுகளை அவர் ஆராய்ந்தார். நல்ல குழுவில் தவறு குறைவாக இருக்கும் என்பதே எதிர்பார்ப்பு. கிடைத்தது நேர்மாறு: நன்றாக இயங்கிய குழுக்களில் பதிவான தவறுகள் அதிகம். அவர்கள் அதிகம் தவறு செய்தார்கள் என்பதல்ல. அங்கே தவறைச் சொல்லப் பயம் இல்லை என்பதே அவர் தந்த விளக்கம். 1996இல் வெளியான இந்த ஆய்வுக்குப் பிறகு, 1999இல் "உளவியல் பாதுகாப்பு" என்ற கருத்தை அவர் விரிவாக முன்வைத்தார். இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு கல்லூரியின் ஆண்டறிக்கையைப் படியுங்கள். வெற்றி மட்டுமே இருக்கும் அறிக்கை நல்ல செய்தியா, கெட்ட செய்தியா?

நன்னூலில் கடைமாணாக்கருக்குச் சொன்ன உவமைகளில் நெய்யரியும் ஒன்று. பன்னாடை நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நம் கோப்புகள் பல அப்படித்தான். நிழற்படமும் கையெழுத்தும் தங்கிவிடுகின்றன. அன்று பேசிய நல்ல கருத்து ஒழுகிப்போய்விடுகிறது.

பினாங்கிலேயே ஒரு முன்மாதிரி

குறை மட்டும் சொல்லி விட்டுவிட்டால் திறனாய்வு ஆகாது. வழி காட்டும் நிகழ்வு நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 1989இல் பாயான் லெப்பாசில் தொடங்கிய பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம், நாம் சுருக்கமாக பி.எஸ்.டி.சி. என்பது.

1970களில் தீவில் சுதந்திர வாணிப வட்டாரம் உருவாகி, இன்டெல் போன்ற நிறுவனங்கள் வந்தன. 80களின் முடிவில் தொழில்நுட்பம் மாறியது; திறன் மிக்க ஆள் போதவில்லை. ஒவ்வொரு தொழிற்சாலையும் தனியே பயிற்சி கொடுத்தால் செலவும் அதிகம், பயிற்சி பெற்றவர் பக்கத்துத் தொழிற்சாலைக்குப் போய்விடுவார். முடத்தெங்குப் பிரச்சினைதான். அதற்கு அவர்கள் கண்ட தீர்வு எளிமையானது, ஆனால் துணிச்சலானது. காய் யார் முற்றத்தில் விழுந்தாலும் எல்லாருக்கும் ஊரில்தானே விழுகிறது? அப்படியானால் தண்ணீரைச் சேர்ந்தே ஊற்றுவோம். மாநில அரசு, தொழில் நிறுவனங்கள், கல்வித்துறை மூன்றும் சேர்ந்து லாப நோக்கமில்லாத ஒரு மையத்தை அமைத்தன. விற்பனையில் போட்டியிட்ட நிறுவனங்கள் பயிற்சியில் கருவிகளையும் ஆட்களையும் பகிர்ந்துகொண்டன. பின்னர் மற்ற மாநிலங்களிலும் இதே வடிவில் மையங்கள் எழுந்தன.

இது அரசா, தனியாரா? இரண்டும்தான். இயங்கியதற்குக் காரணம் உரிமை அல்ல, அமைப்பு. என்ன பயிற்சி வேண்டும் என்று முடிவு செய்தது பயன்படுத்துபவர்கள். பயிற்சி சரியில்லை என்றால் நிறுவனங்கள் ஆள் அனுப்பாது. எனவே தவறு சீக்கிரம் தெரிந்துவிடும். யாருக்கும் யாரும் மேலதிகாரி இல்லாததால் குறையைச் சொல்வதில் சங்கடமும் குறைவு.

இதற்கும் எல்லை உண்டு. தொழிற்சாலை கேட்பதை மட்டுமே கற்கும் இடம், தொழிற்சாலை கேட்காததைக் கற்காது. மொழி, இலக்கியம், வரலாறு எல்லாம் எந்த நிறுவனத்தின் பட்டியலிலும் வராது. அந்தப் பொறுப்பு கல்லூரிகளிடமும் நம்மிடமும்தான் இருக்கிறது.

நம் பக்கம் பார்த்தால்

கல்லூரியைச் சொல்லிவிட்டுப் பள்ளியை விட்டுவிட முடியாது. பி.எல்.சி. எனப்படும் தொழில்முறைக் கற்றல் சமூகத்தைக் கல்வி அமைச்சு 2011இல் அறிமுகப்படுத்தியது. சக ஆசிரியர் வகுப்பைப் பார்ப்பது, ஜப்பானில் பிறந்த பாட ஆய்வு முறை, அனுபவப் பகிர்வு என்று நல்ல கருவிகள் அதில் உண்டு. ஆனால் இடைநிலைப்பள்ளித் தமிழாசிரியரின் நிலை தனி. பல பள்ளிகளில் தமிழுக்கு ஒரே ஆசிரியர்தான். பணித்தியத் தலைவரும் அவரே, செயலாளரும் அவரே, உறுப்பினரும் அவரே. யாரோடு கற்றல் சமூகம் நடத்துவது? வகுப்பைப் பார்க்க வரும் வேறு பாட ஆசிரியருக்குத் தமிழ் தெரியாது. அவர் மாற்றலாகிப் போனால் 10 ஆண்டுத் தமிழ்ப் பாட அனுபவம் ஒரு விரலியில் அடங்கிப் போய்விடுகிறது. சில சமயம் விரலியும் கிடைப்பதில்லை.

இது சிறிய விஷயம் இல்லை. எஸ்.பி.எம்.மில் தமிழை எடுக்கலாமா வேண்டாமா என்று தயங்கி நிற்கும் மாணவனுக்கு, அந்தப் பள்ளியில் தமிழ்ப் பாடம் தொடர்ச்சியாக நன்றாக நடக்கிறது என்ற நம்பிக்கைதான் முடிவு சொல்லும். அறிவு ஆளோடு போகும் ஒவ்வொரு தடவையும் நாம் அந்த நம்பிக்கையைப் பூச்சியத்திலிருந்து கட்டுகிறோம்.

பி.எஸ்.டி.சி. பாடத்தை இங்கே போடலாம். தனியாக இருக்கும் ஐந்தாறு பள்ளித் தமிழாசிரியர்கள் ஒரு வட்டாரக் குழுவாகச் சேரலாம். செபராங் பிறை தெற்கில் இருப்பவர்களுக்கு இது அரை மணி நேரப் பயணம். மூன்று விதிகள் போதும் என்று தோன்றுகிறது:

1. ஒவ்வொரு சந்திப்பிலும் ஒருவர், சரியாக வராத ஒரு பாடத்தைக் கொண்டு வர வேண்டும். சிறந்த பாடத்தைக் காட்டப் போட்டி மேடைகள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன.
2. பட்டறைக்குப் போனவர் அறிக்கை எழுதத் தேவையில்லை. கற்றதை 20 நிமிடம் மற்றவர்க்கு நடத்திக் காட்ட வேண்டும். நன்னூலின் அரைப் பங்கு இதுதான்.
3. மாற்றலாகிப் போகிறவர், அடுத்து வருபவருக்கு இரண்டு பக்கக் கடிதம் ஒன்று விட்டுப் போக வேண்டும். பாடத்திட்டம் அல்ல, எது பலித்தது, எது பலிக்கவில்லை என்ற குறிப்பு.

புலனக் குழு போதாதா என்று கேட்பீர்கள். புலனத்தில் வினாத்தாள் பகிரலாம், நன்றி சொல்லலாம். "என் வகுப்பில் இது ஓடவில்லை" என்று 200 பேர் பார்க்கும் இடத்தில் யாரும் எழுத மாட்டார்கள். அதற்குச் சின்ன வட்டமும் முகம் பார்த்த பேச்சும் வேண்டும்.

கல்லூரி தேடும் மாணவர்களுக்கு

கல்வி கண்காட்சிக்குப் போகும்போது கட்டணம் கேளுங்கள், விடுதி கேளுங்கள். கூடவே மூன்று கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். போன ஆண்டு மாணவர்கள் சொன்ன குறை ஒன்றால் எந்தப் பாடத்தில் என்ன மாறியது? இந்தத் துறை விரிவுரையாளர்களில் மூன்று ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள் எத்தனை பேர்? அதிகம் பேர் தேர்ச்சி பெறாத பாடம் எது, அதற்கு என்ன செய்தீர்கள்? மூன்றாவது கேள்விக்குச் சிரித்து மழுப்பாமல் பதில் சொல்லும் கல்லூரி, அரசு என்றாலும் தனியார் என்றாலும், நம்பத்தக்க கல்லூரி. கடன் உங்கள் தலையில்தான் ஏறப் போகிறது. கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

தேர்வில் இந்தத் தலைப்பு கட்டுரையாக வந்தால், அரசு நல்லது, தனியார் கெட்டது என்றோ, அதை அப்படியே திருப்பியோ எழுதாதீர்கள். அது பட்டிமன்றம். ஒற்றை வளையம், இரட்டை வளையம் வேறுபாட்டை முதலில் உங்கள் பள்ளி எடுத்துக்காட்டோடு விளக்குங்கள். பிறகு இரண்டு வகைக் கல்லூரியின் பலத்தையும் குறையையும் ஒரே அளவுகோலில் வையுங்கள். செங்கே, எட்மண்ட்சன் என்று பெயர்களை அடுக்குவதால் மட்டும் புள்ளி வராது. அவர்கள் சொன்னதை ஒரு நிகழ்வில் பொருத்திக் காட்டினால் வரும். நன்னூலைச் சேர்த்தால் அது அலங்காரத்துக்காக இருக்கக் கூடாது. கால், கால், அரை என்ற கணக்கு உங்கள் வாதத்தை எங்கே தாங்குகிறது என்று காட்டுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பணித்தியக் கூட்ட நிகழ்ச்சி நிரலில் "பலிக்காத பாடம்" என்று ஒரு வரி சேர்த்து, 15 நிமிடம் ஒதுக்குங்கள். கூட்டக் குறிப்பில் அதை எழுத வேண்டிய அவசியம்கூட இல்லை.